பள்ளிக்கூடம் மாறுகிற பிள்ளைக்கு எந்தச் சித்திரக்கதை? நான்கு புத்தகங்களை அருகருகே வைத்துப் பார்த்தேன்

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டு முன்விறாந்தையில் ஒரு புத்தக அலுமாரி நிற்கிறது. சனிக்கிழமை பின்னேரங்களில் ஒழுங்கைப் பிள்ளைகள் வருவார்கள், சிலர் அங்கேயே குந்தியிருந்து வாசிப்பார்கள், சிலர் கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை முடிவு வந்து பிள்ளைகள் தரம் 6க்குப் பள்ளிக்கூடம் மாறுகிற காலத்தில் பெற்றோரும் வருவார்கள். கேள்வி எப்போதும் ஒன்றுதான்: நட்பைப் பற்றி, பள்ளிக்கூடத்தில் தன் இயல்போடு இருப்பதைப் பற்றி வருகிற இந்த ஆங்கில கிராஃபிக் நாவல்களில், அதாவது புத்தக நீளச் சித்திரக்கதைகளில், எதை வாங்குவது?

இந்த முறை கேட்ட அம்மா படலையடியிலேயே நின்று கேட்டார். "அக்கா, ஒன்றுதான் வாங்க ஏலும். எதை வாங்க?" அவருடைய மகள் வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்து ரவுணில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். ஐந்து வருஷம் ஒரே வாங்கில் பக்கத்தில் இருந்த கூட்டாளி சில புள்ளிகளால் தவறிவிட்டாள், பழைய பள்ளிக்கூடத்திலேயே இருக்கிறாள். இரண்டு பேரும் இப்போது கதைப்பதில்லை. யார் முதலில் கோபம் போட்டது என்று இரண்டு வீட்டிலும் தெரியாது.

அவருக்கு உடனே பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்தப் புத்தகங்கள் எல்லாம் வெளியே இருந்து வருபவை, ஒரு பிரதிக்குச் சில ஆயிரம் ரூபாய் போய்விடும். பிழையான புத்தகத்தை வாங்கிக் கொடுத்தால் காசு போவது ஒரு பக்கம், "எனக்கு இங்கிலீஷ் புத்தகம் சரிவராது" என்று அந்தப் பிள்ளை முடிவெடுத்துவிடுகிறதே, அதுதான் பெரிய நட்டம். ஆகவே 'எல் டெஃபோ', 'ஸ்மைல்', 'ரோலர் கேர்ள்', 'நியூ கிட்' என்ற நான்கு புத்தகங்களை மறுபடி எடுத்து வைத்து, நம் பிள்ளைகள் அவற்றை வாசித்தபோது கண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

## எதைப் பார்த்துத் தெரிவு செய்வது

பின் அட்டையில் இருக்கும் வயதைப் பார்த்து வாங்காதீர்கள். அது அமெரிக்காவில் வீட்டிலேயே ஆங்கிலம் பேசுகிற பிள்ளைக்குப் போட்ட வயது. நான் முதலில் பார்ப்பது, இந்தப் பிள்ளைக்கு இப்போது எது நோகிறது என்பதைத்தான். கூட்டாளி விலகிப்போனதா? இருக்கிற கூட்டாளிகளே பகிடி பண்ணுவதா? உடம்பில் அல்லது பேச்சில் உள்ள ஒரு வித்தியாசமா? புது இடத்தில் தன் ஊரையும் பேரையும் பற்றிய கூச்சமா? இவை நாலும் நாலு வேறு நோவு. ஒன்றுக்கு எழுதிய கதை மற்றதற்கு உதவாது.

இரண்டாவது, ஆங்கிலம் கைவிடுகிற இடத்தில் படம் பிடித்துக்கொள்கிறதா? தமிழ் மொழிமூலம் படிக்கிற பிள்ளை ஒரு பக்கத்தில் பாதிச் சொற்களைத்தான் விளங்கிக்கொள்ளும். மிச்சப் பாதியை முகங்களும் கைகளும் சொல்லவேண்டும். இதோடு இன்னொரு சின்னக் கஷ்டம் இருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதில்லை. காமிக்ஸ்களில் பெரும்பாலும் வசனம் முழுவதும் கேப்பிட்டல் எழுத்தில்தான் இருக்கும். நம் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் சின்ன எழுத்தை வாசித்துப் பழகியவர்கள், முதல் பத்துப் பக்கமும் தட்டித் தடவித்தான் போவார்கள். அதைப் பார்த்து "உனக்கு வாசிக்கத் தெரியேல்ல" என்று ஏசாதீர்கள், பழகிவிடும்.

அப்புறம், பக்கத்தில் இருந்து ஒரு பெரிய ஆள் எவ்வளவு விளக்கவேண்டும் என்பது. கடைசியாக, வாங்கின பிறகு வருகிற செலவு. சில புத்தகங்கள் ஒன்றோடு முடியும், சில அடுத்த பாகத்தை வாங்கச் சொல்லி நிற்கும்.

| | எந்த நோவுக்கு | படம் தாங்குமா | விளக்கவேண்டியது | மேலதிகச் செலவு |
|---|---|---|---|---|
| எல் டெஃபோ | உடம்பு, பேச்சு, கேட்கும் சக்தி இவற்றில் வித்தியாசம் | மிக நன்றாக | சிதைத்து எழுதிய சொற்கள், சைகைமொழி | இல்லை, ஒரே புத்தகம் |
| ஸ்மைல் | பகிடி பண்ணும் கூட்டாளிகள் | நன்றாக | பல் வைத்தியம், பையன் விஷயம் | அடுத்தடுத்த புத்தகங்கள் |
| ரோலர் கேர்ள் | விலகிப்போகும் கூட்டாளி | நன்றாக | விளையாட்டின் விதிகள் | இல்லை, ஒரே புத்தகம் |
| நியூ கிட் | புது இடம், ஊர், நிறம், பேர் | சில பக்கங்களில் மட்டும் | நிறையவே | இன்னும் இரண்டு பாகம் |

## எல் டெஃபோ

செசி பெல் 2014இல் வெளியிட்ட, தன் சொந்தச் சின்ன வயதுக் கதை. நான்கு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து கேட்கும் சக்தி போகிறது. பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது நெஞ்சில் ஒரு பெட்டியைக் கட்டி, அதிலிருந்து காதுக்கு வயர் போகும் ஒரு கருவியைப் போட்டுக்கொள்கிறாள். ரீச்சர் கழுத்தில் மைக். அந்த மைக்கைக் கழற்ற மறந்து ரீச்சர் எங்கே போனாலும், ரொய்லெற்றுக்குப் போனாலும்கூட, செசிக்குக் கேட்கும். இந்த இடத்தில் சிரிக்காத பிள்ளையை நான் இன்னும் காணவில்லை. கேட்காததால் வந்த வெட்கத்தை, வேறு யாருக்கும் இல்லாத ஒரு சக்தியாக அவள் மனதுக்குள் மாற்றிக்கொள்கிறாள், 'எல் டெஃபோ' என்பது அந்தக் கற்பனை வீராங்கனையின் பேர். எல்லாரையும் முயலாக வரைந்திருக்கிறார். முயலுக்குக் காது பெரிசு, செசிக்குக் காதுதான் பிரச்சினை. முயல்முகம் என்பதால் எந்த ஊர்ப் பிள்ளையும் இது வெள்ளைக்காரப் பிள்ளையின் கதை என்று தள்ளிவைப்பதில்லை.

இதில் வசனக் குமிழ்களைக் கவனியுங்கள். செசிக்குக் கேட்காதபோது மற்றவர்கள் வாய் அசைகிறது, ஆனால் குமிழ் வெறுமையாக இருக்கிறது. கருவியின் பற்றரி இறங்க இறங்க எழுத்தும் மங்கிக்கொண்டே போகிறது. போன வருஷம் தரம் 6 படித்த ஒரு பிள்ளை, ஆங்கிலப் பாடத்தில் மிகவும் பின்னுக்கு நின்றவள், அந்த வெறும் குமிழில் விரலை வைத்து, "அன்ரி, இதில ஏன் ஒன்றும் எழுதேல்ல?" என்று கேட்டாள். முந்திய பக்கத்தைத் திருப்பிப் பார் என்றேன். பார்த்தாள். கன நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இங்கிலீஷ் பாடத்தில எனக்கும் இப்பிடித்தான் இருக்கும்" என்றாள். அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும். ரீச்சரின் வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டு ஒன்றும் விளங்காமல் இருப்பது எப்படி என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது, அதை இவ்வளவு துல்லியமாக யாரோ வரைந்து வைத்திருப்பதைத்தான் அன்று கண்டாள். அந்தப் புத்தகத்தை அவள் நாலு தடவை எடுத்துப் போனாள்.

நட்பு விஷயத்திலும் இது நுணுக்கமானது. எல்லாவற்றையும் தானே தீர்மானிக்கிற ஒரு கூட்டாளி வருகிறாள். நல்ல மனசோடுதான் என்றாலும், செசியோடு கதைக்கும்போது மட்டும் சத்தமாக, இழுத்து இழுத்துக் கதைக்கிற இன்னொருத்தி வருகிறாள். இரண்டாமவள் கெட்டவள் இல்லை, ஆனால் அந்த அன்பே பாரமாகிறது. நம் வீடுகளில் 'பாவம் பிள்ளை' என்று சொல்லிச் சொல்லியே ஒரு பிள்ளையை ஒதுக்கிவைக்கிறோமே, அதைத்தான் இது தொடுகிறது.

மறைந்திருக்கும் சிரமம் இரண்டு. செசிக்குச் சொற்கள் உடைந்து கேட்கிற இடங்களில் அவை உடைந்தபடியே எழுதப்பட்டிருக்கின்றன. நம் பிள்ளை அதை அகராதியில் தேடும், கிடைக்காது, தன் பிழை என்று நினைத்துக்கொள்ளும். 'இது வேண்டுமென்றே பிழையாக எழுதினது, வாய்விட்டு வாசித்துப் பார்' என்று முதலே சொல்லிவிடுங்கள். மற்றது, செசிக்குச் சைகைமொழி படிக்க விருப்பமில்லை, அம்மா கூட்டிக்கொண்டு போனால் கோபம் வருகிறது. வீட்டிலோ வகுப்பிலோ சைகைமொழி பேசுகிற பிள்ளை இருந்தால், இது ஒரு பிள்ளையின் அனுபவம் மட்டும்தான் என்று சேர்த்துச் சொல்லவேண்டும். ஆசிரியரே புத்தக முடிவில் அப்படித்தான் எழுதியிருக்கிறார்.

கண்ணாடி, திக்குவாய், காது, தோல் வியாதி, நடையில் ஒரு சாய்வு, இப்படி ஏதோ ஒன்றால் பிள்ளை வகுப்பில் ஒதுங்கி இருக்கிறதா, யோசிக்காமல் இதை வாங்குங்கள். ஆங்கிலம் மிகக் குறைவான பிள்ளைக்கும் என் முதல் தெரிவு இதுதான்.

## ஸ்மைல்

ரைனா டெல்கெமையர் எழுதி வரைந்தது, 2010. இதுவும் சொந்தக் கதை. ஆறாம் வகுப்பில் ஓடும்போது விழுந்து முன்பற்கள் இரண்டும் மோசமாக அடிபட்டுவிடுகின்றன, அதைச் சரிசெய்ய நாலரை வருஷம் பல் வைத்தியரிடம் அலைகிறாள். பல்லுக்கு இத்தனை வருஷ வைத்தியமா என்று நம் பிள்ளைகள் ஆச்சரியப்படுவார்கள். ஆனால் சிரிக்கும்போது கையால் வாயைப் பொத்திக்கொள்கிற பிள்ளை எங்கள் ஒழுங்கையிலேயே இரண்டு பேர் உண்டு, அவர்களுக்கு அந்தப் பக்கங்களில் ஒரு சொல்லும் தேவைப்படவில்லை.

இதை நான் மதிப்பதற்குக் காரணம் பல் அல்ல. ரைனாவைப் பகிடி பண்ணுகிறவர்கள், பட்டம் தெளிக்கிறவர்கள் அவளுடைய எதிரிகள் இல்லை, கூட்டாளிகள். பின்னேரம் கூடவே வருவார்கள், ஒன்றாய் இருந்து சாப்பிடுவார்கள், அதே வாயால் நோகப்பண்ணுவார்கள், நொந்தது தெரிந்தால் 'சும்மா பகிடிக்கு' என்பார்கள். நாங்கள் பெரியவர்கள் "அவளவையை விட்டுப்போட்டு வாவன்" என்று ஒரு வசனத்தில் முடித்துவிடுகிறோம். விட்டுவிட்டு வர ஏன் வருஷக்கணக்காகிறது என்பதை இந்தப் புத்தகம் பொறுமையாகக் காட்டுகிறது. கடைசியில் ரைனா அவர்களை விட்டு எழும்பிப் போகிற இடத்தை வாசித்த பிள்ளைகள் முகத்தில் வருகிற நிம்மதி பெரியது.

1989 ஒக்டோபர் 17இல் சான் பிரான்சிஸ்கோப் பக்கம் நடந்த பூமியதிர்ச்சியும் கதையில் வருகிறது. பேத்தி அந்தப் பக்கத்தைத் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மம்மா, 2004 மார்கழியில் கடல் வந்த காலையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டார். அன்று புத்தகம் அதற்கு மேலே போகவில்லை.

விடலைப் பருவம், ஒரு பையனைப் பிடிப்பது, அவனுக்குத் தன்னைப் பிடிக்குமோ என்ற பதைப்பு, இவையெல்லாம் இதில் உண்டு. அசிங்கமாக ஒன்றும் இல்லை. ஆனாலும் பத்து வயதுப் பிள்ளைக்கு இது இன்னும் தூரத்து விஷயம், தரம் 7, 8 தான் சரியான நேரம். செலவையும் யோசியுங்கள்: இது பிடித்தால் தங்கையோடான சண்டையைச் சொல்லும் 'சிஸ்டர்ஸ்', பயத்தால் வயிறு பிரட்டுவதைச் சொல்லும் 'கட்ஸ்' என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். இதில் 'கட்ஸ்' தனியாக வாங்கவும் தகுந்தது. பரீட்சை என்றாலே வயிற்றுக்குத்து வருகிற பிள்ளைக்கு அதைக் கொடுங்கள்.

## ரோலர் கேர்ள்

விக்டோரியா ஜேமிசன், 2015. பன்னிரண்டு வயது அஸ்ட்ரிட்டுக்கு ஒரே ஒரு உயிர்க்கூட்டாளி நிக்கோல். கோடை விடுமுறையில் அஸ்ட்ரிட் சில்லுச் சப்பாத்துப் போட்டு வட்டமாக ஓடி, இடித்து முந்துகிற 'ரோலர் டெர்பி' முகாமில் சேர்கிறாள், நிக்கோலும் வருவாள் என்ற நம்பிக்கையில். நிக்கோலோ பாலே நடன முகாமுக்குப் போகிறாள், அதுவும் அஸ்ட்ரிட்டுக்குப் பிடிக்காத ஒருத்தியோடு.

நிக்கோல் கெட்டவளாகக் காட்டப்படவில்லை என்பதுதான் இந்தப் புத்தகத்தின் பெலம். இரண்டு பேருக்கும் விருப்பம் இரண்டு பக்கம் போய்விட்டது, அவ்வளவுதான். அதைவிட, தப்பில் பாதி அஸ்ட்ரிட்டிடமே இருக்கிறது. தான் விரும்பினதையெல்லாம் கூட்டாளியும் விரும்பவேண்டும் என்று இத்தனை வருஷமும் எண்ணியிருக்கிறாள், அவளுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டதே இல்லை. முகாமுக்கு நிக்கோலும் வருகிறாள் என்று அம்மாவுக்குப் பொய்யும் சொல்கிறாள். கதைநாயகியே பிழை விட்டு, அதைத் தானே கண்டு, திருத்துகிற கதை பிள்ளைகளுக்கு அரிதாகத்தான் கிடைக்கிறது. இதை வாசித்துவிட்டுப் பிள்ளை 'யார் பிழை?' என்று உங்களிடம் கேட்டால், பதில் சொல்ல அவசரப்படாதீர்கள்.

விழுவதும் எழும்புவதும் பக்கம் பக்கமாக வருகிறது. ஆசிரியரே போர்ட்லண்டில் இந்த விளையாட்டை ஆடியவர், ஆகவே முழங்கால் காயமும் களைப்பும் உண்மையாக இருக்கின்றன. ஓட்டத்தில் முதலாவதாக வராத பிள்ளை, உயரம் கூடின பிள்ளை, 'பெட்டையள் இப்பிடி விளையாடுறதோ' என்று கேட்டுச் சலித்த பிள்ளை, மூன்று பேருக்கும் நான் இதைத்தான் கொடுத்தேன்.

விளையாட்டின் விதிகள்தான் முதல் தடை. படம் போட்டு விளக்கியிருக்கிறார், ஆனாலும் ஒருமுறை நீங்களும் கூட இருந்து, கதிரைகளை வட்டமாக வைத்து ஓடிக் காட்டினால் ஐந்து நிமிஷத்தில் விளங்கும். தலைமயிருக்கு நீலச் சாயம் பூசுகிற காட்சியைக் கண்டு ஒரு அப்பா புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். முழுக்க வாசித்துவிட்டு முடிவெடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன், வாசித்தார், மகளுக்குத் திருப்பிக் கொடுத்தார்.

## நியூ கிட்

ஜெரி கிராஃப்ட், 2019. அமெரிக்காவில் சிறுவர் புத்தகங்களுக்கு 1922 முதல் கொடுக்கப்பட்டுவரும் நியூபெரி பதக்கத்தை 2020இல் இது வென்றது, அந்தப் பதக்கத்தைப் பெற்ற முதல் கிராஃபிக் நாவல் இதுதான். 'எல் டெஃபோ'வும் 'ரோலர் கேர்ள்'உம் முந்திய வருஷங்களில் அதே பரிசின் கௌரவப் பட்டியலில் வந்தவை. பதக்கத்தைப் பார்த்து இதையே முதலில் வாங்குகிறவர்கள் பலர். நம் ஊர் நிலைமையில் நாலிலும் கடினமானது இதுதான்.

நியூயோர்க்கில் கறுப்பினப் பையன் ஜோர்டன் பாங்ஸ் பணக்காரத் தனியார் பள்ளிக்கூடத்தில் சேர்கிறான். அங்கே அவனைப்போல நிறமுள்ளவர்கள் கொஞ்சப் பேர். ஒரு ஆசிரியர் கறுப்புப் பிள்ளை ஒருவனை எப்போதும் வேறொருவன் பேரில் கூப்பிடுகிறார். வேலைக்கு மேலே வேலை என்னவென்றால், அத்தியாயத் தலைப்புகள்கூட அங்குள்ள சினிமாப் படங்களையும் புத்தகங்களையும் வைத்துச் செய்த சிலேடைகள். பகிடி பாதியும் சொற்களில்தான் இருக்கிறது. ஆங்கிலம் கஷ்டமாக உள்ள பிள்ளை இருபதாம் பக்கத்தில் மூடிவைத்துவிடும், நான் கண்டிருக்கிறேன்.

ஆனால் அதே புத்தகத்தில் ஜோர்டன் பஸ்ஸில் போகிற ஒரு பகுதி உண்டு. வீட்டுப் பக்கத்திலிருந்து பள்ளிக்கூடப் பக்கம் வரை, இடம் மாற மாற அவன் இருப்பையும் முகத்தையும் மாற்றிக்கொண்டே வருகிறான். பாலம் தாண்டி ரவுணுக்குப் படிக்க வருகிற ஒரு கிண்ணியாப் பையன் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, தானும் பஸ்ஸில் வரும்போது எந்தத் தரிப்பிடத்தில் எந்தப் பாஷையில் கதைக்கிறேன் என்று வரிசையாகச் சொன்னான். தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் ஒரே வீதியால் வெவ்வேறு பள்ளிக்கூடங்களுக்குப் போகிற இந்த ஊரில், அப்படி ஒரு பக்கம் கிடைப்பது சின்ன விஷயம் இல்லை. ஜோர்டன் தன் கொப்பியில் கறுப்பு வெள்ளையில் வரைகிற பக்கங்களும் இடையிடையே வருகின்றன. அவற்றைப் பார்த்து எங்கள் விறாந்தையில் மூன்று பையன்கள் சீ.ஆர். கொப்பியில் வரையத் தொடங்கியிருக்கிறார்கள்.

தரம் 8க்கு மேல், ஆங்கிலம் ஓரளவு ஓடுகிற பிள்ளை, அல்லது பக்கத்தில் இருந்து வாசிக்க ஒரு அண்ணாவோ அக்காவோ இருக்கிற வீடு என்றால் வாங்கலாம். 'கிளாஸ் ஆக்ட்', 'ஸ்கூல் ட்ரிப்' என்று இன்னும் இரண்டு பாகம் இருக்கிறது, ஆனால் முதலாவது தனியே நிற்கும்.

## தமிழில் வேண்டும் என்றால்

இதையும் பலர் கேட்கிறார்கள், கேட்கவேண்டிய கேள்விதான். சிவகாசியில் இருந்து 1972 முதல் முத்து காமிக்ஸும் 1984 முதல் லயன் காமிக்ஸும் வந்து எத்தனையோ பேரை வாசிக்க வைத்திருக்கின்றன, என் வீட்டிலும் ஒரு கட்டு உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் துப்பறிவும் குதிரையும் துப்பாக்கியுமான சாகசங்கள், இடைவேளை மணியடித்தபோது தன்னோடு இருந்து சாப்பிட ஆளில்லாத பிள்ளை அங்கே இல்லை. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் இலவசமாகத் தமிழ்ப் படக்கதைகள் நிறைய உண்டு, எட்டு வயதுக்குள் என்றால் அதுவே போதும், காசு செலவழிக்கவேண்டாம்.

பத்து வயதுக்கு மேலே நான் செய்வது, ஆங்கிலப் புத்தகத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டு போவது. மொழிபெயர்க்காதீர்கள். படத்தைக் காட்டி, "இவள் என்ன சொல்லியிருப்பாள்?" என்று பிள்ளையிடமே கேளுங்கள். பிள்ளை தன் வகுப்பில் கேட்ட வசனத்தைச் சொல்லும். பல தடவை அது குமிழில் இருப்பதைவிடக் கூர்மையாக இருக்கும்.

## தாளிலா, போனிலா

போனில் வாசிக்கலாம்தானே என்று நினைப்பவர்களுக்கு: இந்தப் புத்தகங்கள் முழுப் பக்கமாகப் பார்க்க வரைந்தவை. போனில் ஒவ்வொரு கட்டமாகப் பெருப்பித்துப் போகும்போது பக்கத்தின் ஓட்டம் உடைந்துவிடும், அந்த வெறும் குமிழுக்குப் பக்கத்தில் இருந்த நிறைந்த குமிழ் கண்ணில் படாது. டேப்லெட் இருந்தால் பரவாயில்லை. 'எல் டெஃபோ' 2022இல் ஆப்பிள் டிவியில் மூன்று பாகமாகவும் வந்தது, ஆனால் புத்தகத்தில் பிள்ளை தானே நின்று திரும்பிப் பார்க்க முடிகிற இடத்தில் அது தன்பாட்டில் ஓடிப்போகும். தாளில் வாங்கினால் கடற்காற்றுக்கு ஒட்டு விட்டுப்போகும், முதல் நாளே முதுகுப் பக்கம் அகலமான ஒட்டுநாடா ஒட்டி, பொலித்தீன் உறை போட்டுவிடுங்கள்.

## அந்த அம்மாவுக்குச் சொன்னது

அவருடைய மகளை யாரும் பகிடி பண்ணவில்லை, அவளுக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. கூட்டாளி விலகியதுதான் அவளுக்கு நோகிறது, யார் விலகியது என்றும் தெரியவில்லை. ஆகவே 'ரோலர் கேர்ள்' என்றேன். பிறகு ஒன்று தோன்றியது, மற்றப் பிள்ளையின் அம்மாவோடும் கதைத்தேன். இரண்டு பேரும் பாதிப் பாதி போட்டு ஒரு பிரதி எடுப்பித்தார்கள். ஒரு கிழமை இந்த வீட்டில், ஒரு கிழமை அந்த வீட்டில். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வருகிறபோது ஒருத்தி நிலாவெளி பஸ்ஸால் இறங்கி மற்றவள் வீட்டுப் படலையில் கொடுத்துவிட்டு வரவேண்டும் என்பது ஏற்பாடு.

முதல் வெள்ளி கொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் திரும்பிவிட்டாளாம். போன வெள்ளி வீட்டுக்கு வர இருட்டிவிட்டது என்று அம்மா வந்து சொன்னார், புத்தகத்தில் நாற்பதாம் பக்கமளவில் யாரோ பென்சிலால் ஏதோ எழுதியிருக்கிறார்களாம், அழிக்கவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.